நாள் பூரா தோசை சுட்டுட்டு வந்து ராத்திரி போன்ல பர்கர் சுடறான், அந்த கேம்ல அப்படி இன்னாதான் இருக்குது?

#1 கல்லாப்பெட்டி

வணக்கம்பா எல்லாருக்கும். வேலூர் காந்தி ரோடு பக்கத்து சந்துல எங்களுக்கு ஒரு டிபன் கடை இருக்குது, நைனா காலத்து கடை. இப்ப கல்லால நானு, தோசைக்கல்லுல என் தம்பி. காலைல அஞ்சரைக்கு அடுப்பு பத்த வெச்சா ராத்திரி பத்தரைக்குதான் ஷட்டர் எறங்கும். சுத்தி பூரா லாட்ஜு, ஆஸ்பத்திரிக்கு வந்து மாசக்கணக்குல தங்கறவங்கதான் பாதி கூட்டம், பெங்கால்காரங்க, அசாம்காரங்க. எங்க சப்ளையர் பையன் ஆரணி பக்கம் கிராமம், அவனே இப்ப பெங்காலி பேசறான்னா பாத்துக்கோங்க.

விஷயம் இன்னான்னா, தம்பி வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு சாப்ட்டு படுத்ததும் போனை எடுத்து குக்கிங் ஃபீவர் ஆடறான். பர்கர், ஹாட்டாகு, அதுல இந்தியன் டைனர்னு கூட ஒரு கடை இருக்குதாம். டிங்கு டிங்குன்னு சத்தம். கஸ்டமர் வரான், தலைக்கு மேல படம் காட்டறான், இவன் டப்பு டப்புன்னு தட்டறான், கொஞ்சம் அசந்தா கறி கருகிப்போய் குப்பைல கொட்டறான். ஒரு மணி வரைக்கும் இதே வேலை. பதினேழு மணி நேரம் கல்லு முன்னாடி வெந்துட்டு வந்தவன் ஏன்டா மறுபடி கல்லு முன்னாடி நிக்கற, ஒரு படம் பாரு, ஒரு பாட்டு கேளுன்னா, "உனுக்கு புரியாது"ன்றான். எனக்கு நெஜமாவே புரியல. இந்த மாரி கேம் ஆடறவங்க யாராச்சும் சொல்லுங்க, இதுல அப்படி இன்னா இருக்குது?

#2 வெங்காயராஜா

அண்ணே உங்க தம்பி என் ஜாதி 😄 ஓவர்குக்டு ஆடியிருக்காரா கேளுங்க. 2016ல வந்தது, ரெண்டே பேர் சேந்து செஞ்ச கேம், இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல. அடுத்த வருஷமே பாஃப்டா விருது ரெண்டு வாங்கிச்சு. வெங்காய சூப்புன்னா மூணு வெங்காயம் நறுக்கணும், பாத்திரத்துல போடணும், வெந்ததும் தட்டுல ஊத்தணும், ஜன்னல்ல குடுக்கணும், எச்சி தட்டு திரும்பி வரும், கழுவணும். அவ்ளோதான் சமையல். அஞ்சு வயசு புள்ள செய்யும். ஆனா அதை நாலு பேர் ஒரு சின்ன அடுக்களைல, நடுவுல அந்த அடுக்களையே ரெண்டா பொளந்து ஆளுக்கொரு பக்கம் போயிடும்போது செய்யணும். அப்ப தெரியும் சேதி.

#3 சும்மா வந்தவன்

நான் ஒண்ணு கேக்கறேன் கோச்சிக்காதீங்க. வேலைய வேலைன்னு குடுத்தா காசு கேக்கறோம், அதையே பொம்மை போட்டு குடுத்தா நாமளே காசு குடுத்து செய்யறோம். இதுக்கு பேரு கேமா? அடுத்தது மூட்டை தூக்கற கேம் வரும், அதையும் ஆடுவீங்க.

#4 வெங்காயராஜா

// அடுத்தது மூட்டை தூக்கற கேம் வரும் //

வீடு மாத்தற கேம் ஏற்கெனவே இருக்கு தல. சோபாவ ஜன்னல் வழியா தூக்கி வீசலாம். செமயா இருக்கும்.

#5 சத்துவாச்சாரி அக்கா

இந்த இழைய பாத்ததும் எனக்கு பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. 2005, 2006 வாக்குல நான் ஒரு பிரவுசிங் சென்டர்ல வேலை பாத்தேன், அப்ப கூட்டம் இல்லாத மத்தியானத்துல டைனர் டேஷ் ஆடுவேன். அதான் இந்த வகையறாவுக்கே பெரியம்மா மாதிரி, 2004 கேம். ஃப்ளோன்னு ஒரு பொண்ணு, ஷேர் மார்க்கெட் ஆபீஸ் வேலை வெறுத்துப்போய் ஓடி வந்து ஒரு பாழடைஞ்ச ஓட்டலை எடுத்து நடத்துவா. ஒரு மணி நேரம்தான் சும்மா ஆடலாம், அப்புறம் காசு கட்டு னு சொல்லும். நான் ஒவ்வொரு சிஸ்டம்லயும் ஒவ்வொரு மணி நேரம் ஆடி ஆடி எட்டு சிஸ்டத்தையும் தீத்தேன், ஓனருக்கு கடைசி வரைக்கும் தெரியாது.

அதுல சமைக்கிறதே கிடையாதுங்க, அது நிறைய பேருக்கு தெரியாது. ஃப்ளோ வெறும் சப்ளையர்தான். உக்கார வெக்கணும், ஆர்டர் எடுக்கணும், கொண்டு போய் வெக்கணும், பில்லு, தட்டு எடுக்கணும். ஆனா ஒரு சூட்சுமம். ஒரே வேலைய தொடர்ந்து செஞ்சா பாயிண்ட் ஏறிக்கிட்டே போகும். அதாவது மூணு டேபிள் ஆர்டரையும் சேத்து எடுத்து, மூணு சீட்டையும் சேத்து குடுத்து, மூணு பேர் பில்லையும் சேத்து வாங்கினா லாபம். ஆனா சேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தா மொதல்ல வந்தவன் கோச்சிக்குவான், அவன் தலைக்கு மேல இருக்கிற இதயம் ஒண்ணொண்ணா கொறையும். காக்கலாமா ஓடலாமா, அதான் அந்த கேமே. வர்றவங்க சட்டை கலரும் உக்கார்ற நாற்காலி கலரும் ஒண்ணா இருந்தா அதுக்கு தனியா பாயிண்ட்.

நான் ஏன் ஆடினேன்னா, அந்த வயசுல வீட்லயும் சரி சென்டர்லயும் சரி நான் செய்யற எந்த வேலையும் வேலைன்னு யாரும் சொன்னதில்ல. அதுல ஒரு தட்டு எடுத்து வெச்சாக்கூட டிங்குன்னு ஒரு சத்தம் வந்து பாயிண்ட் ஏறுச்சு.

#6 கல்லாப்பெட்டி

அக்கா அந்த கடைசி வரி. என் சம்சாரம் பக்கத்துல உக்காந்து படிச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்தா.

#7 காட்பாடி ஜங்ஷன்

நான் இங்க காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கேன், சொந்த ஊர் திருநெல்வேலி. எங்க ப்ளாக்ல நாலு பேரு பிளேட் அப் ஆடுதோம், 2022ல வந்தது. அதுல ஒரே ஒரு கஸ்டமருக்கு பொறுமை போனாலும் ஆட்டம் காலி, பத்து நாள் ஓட்டின ஓட்டல் அவ்ளோதான் மூடிரும். அதனால யாரும் சமையலை பத்தி பேசவே மாட்டோம், அடுப்பை எங்க வைக்க, சிங்க்கை எங்க வைக்க, நீ இந்தப் பக்கம் வந்தா நான் எந்தப் பக்கம் போகன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்ட. போக போக கன்வேயர் பெல்ட்டு, தானா எடுத்து வைக்கிற மெஷின் எல்லாம் வாங்கி போடலாம், கடைசியில ஆளே இல்லாம சூப்பு தானா வெந்து தானா டேபிளுக்கு பக்கத்துல வந்து நிக்கும். அன்னைக்கு நாங்க நாலு பேரும் எந்திரிச்சு கை தட்டினோம். வார்டன் வந்துட்டார்.

இன்னொண்ணு, எலெக்டிவ்ல சைக்காலஜி எடுத்தேன், அதுல படிச்சது. ப்ளூமா ஸைகார்னிக்னு ஒரு அம்மா, பெர்லின்ல படிச்சவங்க, 1927ல ஒரு கட்டுரை எழுதினாங்க. முடியாம பாதியில நிக்கிற வேலை மனசுல ஒட்டிக்கிட்டே இருக்கும், முடிஞ்சது சட்டுன்னு மறந்துரும்னு. அதுக்கு ஆரம்பமே ஓட்டல் சர்வருங்கதான்னு சொல்லுவாங்க, காசு வாங்காத டேபிள் ஆர்டர் பூரா ஞாபகம் வச்சிருக்கிற ஆளு பில்லு வாங்கினதும் மறந்துடுதாரு பாருன்னு. பின்னாடி இதே சோதனைய செஞ்சு பாத்தவங்க எல்லாருக்கும் அப்படியே வரலைங்கிறதும் படிச்சேன், அதனால இதை வேதவாக்கா எடுத்துக்க வேணாம். ஆனா இந்த கேம்ல நடக்கிறது அதான்னு எனக்கு தோணுது. ஆறு ஆர்டர் தலைக்குள்ள தொங்கிக்கிட்டு இருக்கு, ஒண்ணொண்ணா அவுத்து விடுதோம்.

#8 கல்லாப்பெட்டி

// பில்லு வாங்கினதும் மறந்துடுதாரு //

யோவ் இது எங்க கடைல தெனம் நடக்குது. சப்ளையர் பையன் பேப்பர் பென்சில் எதுவும் வெச்சிக்க மாட்டான். ஒம்போது டேபிள், ஒவ்வொருத்தனும் தனித்தனியா, "மூணாம் நம்பர் ரெண்டு இட்லி ஒரு வடை ஒரு ரோஸ்ட்டு ஒரு காப்பி"ன்னு நடந்துகினே கல்லாவுக்கு குரல் குடுப்பான், ஒரு ரூபா தப்பாது. காசு குடுத்துட்டு வாசல் வரைக்கும் போன ஆளு திரும்பி வந்து "நான் வடை சாப்டவே இல்லியே"ன்னு கேட்டா மட்டும் முழிப்பான். மூஞ்சில ஒண்ணும் இருக்காது, சிலேட்டு அழிச்ச மாரி. நான் இத்தினி நாளா அவன் நடிக்கறான்னு நெனச்சுகினு இருந்தேன்.

#9 ஆம்பூர் சீரகசம்பா

சலாம் சகோஸ். நான் ஒரு கேள்வி ரொம்ப நாளா யோசிச்சுகிட்டு இருக்கேன், இங்க கேட்டுடறேன். உலகத்துல இருக்கற எல்லா சாப்பாட்டுக்கும் கேம் வந்துடுச்சு, பர்கர், பீட்சா, சூஷி, டாக்கோ. பிரியாணிக்கு ஏன் ஒரு வேகமான கேம் இல்ல?

எங்க மாமு பிரியாணி மாஸ்டர், நான் லீவுல அவர் கூட நின்னிருக்கேன். விடியக்காலம் நாலு மணிக்கு வெங்காயம், அஞ்சு மணிக்கு கறி, அரிசி தனியா வேகவெச்சு கலந்து மூடி மேல கங்கு கொட்டி தம் போட்டாச்சுன்னா அவர் சேரைப் போட்டு உக்காந்து டீ குடிப்பார். பதினொண்ணரைக்கு தேக்சா மூடிய திறக்கறதுதான் திருவிழா, அதுக்கப்புறம் நடக்கறது சமையலே இல்ல, வெறும் அள்ளி வெக்கறது. கத்திரிக்கா, வெங்காய பச்சடி, எடுத்துக்கோ போ. கஸ்டமர் வந்து நிக்கறதுக்கு முன்னாடியே அவசரம் எல்லாம் தீர்ந்துபோச்சு. மூணு மணிக்கு தேக்சா காலி, அவ்ளோதான், "முடிஞ்சிடுச்சு பாய்".

அதனால என் கணக்கு இது. கஸ்டமர் கேட்டப்புறம் கை வெக்கற சாப்பாடுதான் கேம் ஆகும். பர்கர் அப்படி, பீட்சா அப்படி, தோசையும் அப்படி. பிரியாணி ஆகாது. அது பொறுமைக்காரன் சாப்பாடு.

#10 காட்பாடி ஜங்ஷன்

பாய் இது அட்டகாசமான பாயிண்ட். பிளேட் அப்ல நாங்க ஜெயிக்க ஆரம்பிச்சதே உங்க மாமு மாதிரி ஆடினப்போதான். கஸ்டமர் வர்றதுக்கு முன்னாடியே நறுக்கி அடுக்கி வச்சிரணும். எங்க ரூமுக்கு எதிர்ல ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடிச்ச ஒரு அண்ணன், அவரு இதுக்கு மீஸான் ப்ளாஸ்னு ஒரு பிரெஞ்சு பேரு சொன்னாரு. கரண்ட் மாதிரி வேகமா ஓடுறவன் நல்ல குக் இல்ல, ஓடவே வேண்டாதவன்தான் நல்ல குக்குன்னாரு.

#11 சும்மா வந்தவன்

ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன், உடுப்பிக்காரங்க இதுல காசு பாத்துட்டாங்க. ஸ்டார் செஃப்னு 2014ல வந்த கேம், அதை செஞ்ச கம்பெனி 99கேம்ஸ் உடுப்பில இருக்குது. ஓட்டல்னா உடுப்பிதான், போன்லயும் விடல. ஆனா அது இந்த டப்பு டப்பு வகை கெடையாது, நேரம் ஓடி சமையல் ஆகறவரைக்கும் காத்துக்கினு இருக்கணும். நீங்க சொல்ற பிரியாணி கேம் அதான் பாய்.

#12 நைட் டியூட்டி

நான் ஒரு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். என் ரூம்மேட் கட்டாயப்படுத்தி ஓவர்குக்டு ஆட வெச்சா. பத்து நிமிஷம்தான், கை உதறி வெச்சிட்டேன். மேல வரிசையா ஆர்டர் வருது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு பச்சைல இருந்து மஞ்சள், மஞ்சள்ல இருந்து செகப்பு. எனக்கு அது ஆர்டரா தெரியல, பெட் நம்பரா தெரிஞ்சுது. ஏழாம் பெட் ட்ரிப் முடியப்போகுது, பதினொண்ணு பெல் அடிக்குது, மூணுக்கு மருந்து டைம். இதுல யாரோ கிச்சன்ல தீ வெச்சுட்டாங்க.

எல்லாருக்கும் இது ரிலாக்ஸ் ஆகாதுங்க, அதை சொல்லத்தான் வந்தேன். நான் ஆடினதுலயே புடிச்சது வெண்பா. 2023ல வந்தது, டொராண்டோல இருந்து செஞ்சாங்க, எண்பதுகள்ல கனடா போன ஒரு தமிழ் குடும்பத்து கதை. அதுல கடிகாரமே கெடையாது. அம்மா குடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சு அழிஞ்சு இருக்கும், மொத சமையலே இட்லி, தட்டை எப்படி அடுக்கினா ஆவி மேல வரும்னு நாமளே யோசிச்சு கண்டுபிடிக்கணும். எங்க வீட்டு இட்லி குண்டான்ல நான் இருவது வருஷமா அடுக்கறேன், ஏன் குழி மேல குழி வராம திருப்பி வெக்கறோம்னு அன்னிக்குத்தான் யோசிச்சேன். தப்பா அடுக்கினா யாரும் கோச்சிக்கல, மறுபடி வெச்சுக்கலாம்.

#13 வெங்காயராஜா

சிஸ்டர் நீங்க சொல்றது சரி, ஆனா ஓவர்குக்டு பின்னாடி 2020ல ஆல் யூ கேன் ஈட்னு ரெண்டு பாகமும் சேத்து வந்தப்போ அதுல அசிஸ்ட் மோடு வெச்சாங்க, நேரத்தை தளர்த்திக்கலாம். அதுல ஒருக்கா ட்ரை பண்ணுங்க.

#14 நைட் டியூட்டி

வார்டுக்கு அசிஸ்ட் மோடு எப்ப வரும்னு கேட்டு சொல்லுங்க, நானே வாங்கறேன்.

#15 ராணிப்பேட்டை ரெண்டு பேர்

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே ஐடி, இப்ப எழுதறது நான் (மனைவி). கல்யாணம் ஆகி ஆறு மாசத்துல ஓவர்குக்டு ரெண்டாம் பாகம் வாங்கினார், சேந்து விளையாடலாம்னு. அவர் தோல் கம்பெனில ஷிஃப்ட் சூப்பர்வைசர். கேம்லயும் சூப்பர்வைசர்தான். கைல ஒரு தட்டை வெச்சுக்கினு நடுவுல நின்னு "நீ மீனு நறுக்கு, நீ அரிசி பாரு"ன்னு. ரெண்டே பேர்தாங்க இருக்கோம், யாரை நீ நீங்கறார்? அரிசி கருகி தீ பிடிச்சுது, தீயணைக்கறதை எடுங்கன்னு நான் கத்தறேன், அவர் அதே தட்டோட என்னை இடிச்சுக்கினு நிக்கறார். அன்னிக்கு ராத்திரி நான் நெஜமாவே சமைக்கல. ரெண்டு பேரும் முத்துக்கடைக்கு போய் பரோட்டா சாப்ட்டோம்.

ஆனா இப்ப ஒரு வருஷம் ஆச்சு, நிலைமை இன்னான்னா, காலைல அவர் லஞ்ச் கட்டும்போது நான் ஒண்ணும் சொல்லவே வேணாம், நான் திரும்பறதுக்குள்ள டப்பா மூடி கைல நிக்குது. அந்த கேம் கத்துக்குடுத்துச்சான்னு கேட்டா தெரியல. ஆனா "பின்னாடி வரேன்"னு சொல்லிட்டு வர்றது மட்டும் அதுல இருந்து வந்தது.

#16 குடியாத்தம் கைலி

எல்லாரும் நல்லதாவே பேசறீங்க, நான் கெட்டதை சொல்றேன். பேர் வேணாம், போன்ல வர்ற ஒரு சமையல் கேம்தான். மொத இருவது லெவல் அல்வா மாரி போகும். அதுக்கப்புறம் கஸ்டமருக்கு பொறுமை கொறையும், நம்ம அடுப்பு மட்டும் அதே ஸ்பீடு. வைரம் போட்டு அடுப்பை ஏத்தணும். வைரம் சும்மா வராது. நான் அம்பது ரூபா, நூறு ரூபான்னு போட்டு போட்டு ரெண்டு மாசத்துல ரெண்டாயிரத்து எட்டு நூறு. வீட்ல நெஜமான கேஸ் அடுப்புல ஒரு பர்னர் எரியல, அதுக்கு ஆளைக் கூப்புடு கூப்புடுன்னு அம்மா கத்திகினு இருக்காங்க, நான் போன்ல இல்லாத அடுப்புக்கு காசு கட்டிகினு இருக்கேன். ஒரு நாள் அது தோணுச்சு, அன்னிக்கே தூக்கிட்டேன்.

தோத்தா நம்ம கை மெதுவுன்னு தோணணும், அது கேமு. தோத்தா நம்ம பர்ஸ் சின்னதுன்னு தோணுச்சுன்னா அதை விட்டுடுங்கப்பா.

#17 சத்துவாச்சாரி அக்கா

குடியாத்தம் தம்பி சொல்றது நூத்துக்கு நூறு. அந்த காலத்துல ஒருக்கா காசு குடுத்தா கேம் நம்மளுது. இப்பவும் அப்படி கிடைக்குது, குக் சர்வ் டெலிஷியஸ்னு கம்ப்யூட்டர்ல 2012ல வந்தது, எங்க பையன் போட்டுக் குடுத்தான். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எழுத்து, கீபோர்டுலயே ஆடணும். மத்தியானமும் ராத்திரியும் ரஷ் அவர்னு வரும், அப்ப மூச்சு விட முடியாது, நடுவுல தட்டு கழுவு, குப்பை கொட்டு, எலிப்பொறி வைன்னு வேற கேக்கும். டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவ நான், எங்க பையன் வாய பொளந்துட்டான். பாப்பாஸ் பீட்சாரியான்னு 2007ல ஒண்ணு இருந்தது, பிரவுசர்லயே ஆடறது. 2020 கடைசில அதை ஓட்டற ஃப்ளாஷ்ங்கற சாப்ட்வேரை நிறுத்தினதும் அந்த வகை எல்லாம் அங்கங்க போச்சு, இப்ப யாரோ புண்ணியவானுங்க எடுத்து பத்திரமா வெச்சிருக்காங்களாம்.

#18 சும்மா வந்தவன்

சரி எல்லாம் கேட்டேன். ஆனா முக்கியமான ஆளை யாரும் கேக்கலியே. கல்லாப்பெட்டி, உங்க தம்பிய கேட்டீங்களா இல்லியா?

#19 கல்லாப்பெட்டி

கேட்டேன்பா, நேத்து ராத்திரிதான். இந்த இழைய அவனுக்கு படிச்சு காட்டினேன். நர்ஸம்மா எழுதினதுக்கு தலை ஆட்டினான், கைலிக்காரர் எழுதினதுக்கு சிரிச்சான் (இவன் எவ்ளோ போட்டிருக்கான்னு கேட்டேன், பேச்சை மாத்திட்டான்).

மொதல்ல கடைய பத்தி ஒண்ணு சொல்லிடறேன், அப்பதான் அவன் சொன்னது புரியும். எங்க கல்லு நாலடி நீளம். ஒரே நேரத்துல எட்டு தோசை ஊத்துவான். சின்ன தொடப்பத்தை தண்ணில நனைச்சு கல்லு மேல சர்ருன்னு ஒரு இழு, புஸ்ஸுன்னு ஆவி, அந்த ஆவி அடங்கற நேரத்துக்குள்ள மாவு விழணும். எது எந்த டேபிளுக்குன்னு சீட்டு கெடையாது, எடம்தான். சுவத்து பக்கம் மொத ரெண்டு ஒண்ணாம் நம்பர், வாசப் பக்கம் கடைசி பார்சல். அவன் அங்க கை வெக்கற வேகத்தை பாத்தா நீங்க சொல்ற எந்த கேமும் அவனுக்கு ஒண்ணுமே இல்ல. மே மாசத்துல வேலூர் வெயில் தெரியும்ல, வெளியவே நாப்பதைத் தாண்டும், கல்லு முன்னாடி எவ்ளோன்னு நீங்களே பாத்துக்கோங்க.

இப்ப அவன் சொன்னதை சொல்றேன். "ணா, அந்த கேம்ல எவனும் ரெண்டாவது தடவ சட்னி கேக்க மாட்டான்."

எனக்கு மொதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் விளக்கினான். அதுல பர்கர் குடுத்தா கத முடிஞ்சுது, காசு வெச்சுட்டு போயிடறான். நம்ம கடைல தோசை வெச்சா அங்கதான் கதையே ஆரம்பிக்குது. சாம்பார் ஊத்துப்பா, கார சட்னி இல்லியா, இன்னும் கொஞ்சம் முறுவலா வேணும், இது ஆறிப்போச்சு, பாதி பாதியா கட் பண்ணி குடு, பேஷண்ட்டுக்கு, எண்ணெ இல்லாம. ஒரு ஆர்டரும் முடியறதே இல்ல, முடிஞ்சாச்சுன்னு மனசு இறக்கி வெக்கறதுக்கு எடமே கெடையாது. ராத்திரி பத்தரைக்கு ஷட்டரை பாதி எறக்குவோம், குனிஞ்சு ஒருத்தர் எட்டிப் பாப்பார், "ரெண்டு தோசை கெடைக்குமா தம்பி, இப்பதான் ஆஸ்பத்திரில வுட்டாங்க." இல்லன்னு சொல்ல முடியுமா? அணைச்ச அடுப்பை மறுபடி பத்த வெப்பான். "அந்த கேம்ல லெவலுக்கு கடைசி ஆளுன்னு ஒருத்தன் இருக்கான்ணா, அவன் போயிட்டா மூணு ஸ்டாரு வந்து நின்னுடும். நான் அதை பாத்துட்டு தூங்கிடுவேன்"ன்றான்.

எனக்கு பதில் பேச வரல. பக்கத்துல படுத்துகினு மின்விசிறிய பாத்துகினு இருந்தேன்.

#20 நைட் டியூட்டி

ஷட்டர் கீழ குனிஞ்சு எட்டிப் பாக்கறவங்கள்ல நாங்களும் இருப்போம் அண்ணா. உங்க கடைன்னு தெரியாது, ஆனா அந்த சந்துல எத்தனையோ தடவ. தம்பிகிட்ட நன்றி சொல்லுங்க.

#21 ஆம்பூர் சீரகசம்பா

// முடிஞ்சாச்சுன்னு மனசு இறக்கி வெக்கறதுக்கு எடமே கெடையாது //

நான் இதையே மாமுகிட்ட சொன்னேன். "அதனாலதான் நான் தேக்சா காலியானா கடைய மூடிட்டு போறேன், தோசைக்காரன் பொழப்பு பாவம்டா"ன்னார். ஆனா ஒண்ணு சகோ, ஓசி சட்னி இருக்கறதாலதான் நம்ம ஊர் ஓட்டலை கேமா செய்யவே முடியாது போல. கஸ்டமருக்கு வயிறு நெறஞ்சுதுன்னு எதை வெச்சு கண்டுபிடிக்கறது?

#22 சும்மா வந்தவன்

இலைய மடிக்கறதை வெச்சு.

#23 ஆம்பூர் சீரகசம்பா

யா அல்லா. இதை யாராச்சும் கேமா செய்ங்கப்பா. இலை மடிக்கற வரைக்கும் கஸ்டமர் போக மாட்டான்.

#24 காட்பாடி ஜங்ஷன்

கல்லாப்பெட்டி அண்ணே, ஒரு யோசனை. உங்க தம்பி தனியா ஆடுதாரு, அதுவும் போன்ல. ஒரு நாளு எங்க கூட ஆடட்டும். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் உங்க கடை அரை நாள் லீவுன்னு எங்கயோ எழுதியிருந்தீங்க. நான் லேப்டாப்பும் கன்ட்ரோலரும் எடுத்துட்டு வாரேன், காட்பாடியில இருந்து ஒரு பஸ்ஸுதான. கடையிலயே டேபிள் போட்டு ஓவர்குக்டு ரெண்டு ஆடுவோம்.

#25 கல்லாப்பெட்டி

வாங்க வாங்க. சாப்பாட்டுக்கு சொல்லவே வேணாம்.

#26 கல்லாப்பெட்டி

சொல்லிடறேன், எல்லாரும் கேட்டுகினு இருக்கீங்க. ஞாயித்துக்கிழமை நடந்துச்சு. ஹாஸ்டல் பசங்க ரெண்டு பேரு, தம்பி, நானு, மொத்தம் நாலு. பாதி ஷட்டர் எறக்கி, அஞ்சாம் நம்பர் டேபிள் மேல லேப்டாப்பு.

மொத அரை மணி நேரம் தம்பி ரொம்ப மொக்கை. போன்ல தட்டி பழகினவனுக்கு அந்த குச்சிய திருப்பத் தெரியல, பொம்மைய கொண்டு போய் அந்தரத்துல வுட்டுடறான். ஆகாசத்துல பலூன்ல தொங்கற ஒரு அடுக்களை வருது, நடுவுல அதே கீழ விழுந்து வேற கடைக்குள்ள போகுது, இவன் "இன்னாடா இது, எவன்டா வாடகைக்கு வுட்டான்"ன்றான். பசங்க அங்கயும் இங்கயும் ஓடறானுங்க, கத்தறானுங்க. ஒரு ஸ்டாரு, ஒரு ஸ்டாரு, மறுபடி ஒரு ஸ்டாரு.

அப்புறம் அவன் ஒரு தடவ நிறுத்து நிறுத்துன்னான். "யாரும் நடக்காதீங்க. நான் அடுப்பு முன்னாடி நிக்கறேன், நகர மாட்டேன். நீ சாமான் எடுத்து எறி, நீ நறுக்கு, எங்க அண்ணன் தட்டு கழுவட்டும், கல்லால உக்காந்து ஒடம்பு ஊறிப்போச்சு." அதுல ரெண்டாம் பாகத்துல சாமானை தூக்கி எறியலாம், சமைச்சதைதான் எறிய முடியாது. அவன் மொகத்தை ஸ்க்ரீன்ல இருந்து எடுக்காம "மீனு, மீனு, அரிசி, மீனு வெள்ளரி"ன்னு ஒரு ராகமா சொல்லிகினே இருக்கான், நம்ம கடைல "ரெண்டு ரோஸ்ட்டு ஒரு ஊத்தப்பம்"னு வரும்ல, அதே ராகம். மூணு ஸ்டாரு. அடுத்ததும் மூணு. ஹாஸ்டல் பையன் கன்ட்ரோலரை கீழ வெச்சுட்டு அவன் கால்ல விழறான்.

நான் ரெண்டு மணி நேரமும் தட்டுதான் கழுவினேன். நல்லா கழுவினேன்னு நானே சொல்லிக்கறேன்.

நடுவுல பேன்கேக்னு ஒரு லெவல் வந்துச்சு, முட்டையும் மாவும் மிக்சர்ல கலக்கி தவால ஊத்தணும். தம்பி ஒரு நிமிஷம் வேலைய வுட்டுட்டு பாத்தான். "மாவை புளிக்கவே வெக்காம ஊத்தறானுங்களே, வெளங்குமா"ன்னான். அந்த ஒரு லெவல்ல மட்டும் ரெண்டு ஸ்டாரு.

#27 ராணிப்பேட்டை ரெண்டு பேர்

இப்ப எழுதறது நான் (கணவர்). எங்க வீட்ல நான் தட்டோட நின்னதை மட்டும் எழுதியிருக்கா, அதே லெவல்ல அவ மூணு தடவ தண்ணில விழுந்ததை எழுதல. பதிவு பண்ணிக்கறேன். அடுத்த ஞாயிறு நாங்களும் வரலாமா?

#28 சத்துவாச்சாரி அக்கா

நானும் வரேன், எனக்கு கீபோர்டு குடுத்தா போதும்.

#29 கல்லாப்பெட்டி

வாங்க, எல்லாரும் வாங்க. சாயந்திரம் நாலு மணி. காட்பாடி தம்பி, அந்த நீல கன்ட்ரோலர் இடது பக்கம் போகவே மாட்டேங்குது, அதை மாத்தி எடுத்துகினு வாப்பா. மாவு தனியா எடுத்து வெச்சிருக்கேன், ஆளுக்கு ரெண்டு ரோஸ்ட்டு, மெதுவடை. தம்பி ஒரு கண்டிஷன் போட்டிருக்கான், அதையும் சொல்லிடறேன்: சட்னி ஒரு தடவதான்.